ஹெகார்ட்டி வீட்டில் சாவி கிடைக்கும்

“குகையின் சாவி ஹெகார்ட்டி வீட்டில் கிடைக்கும்” என்றது சாலையோரப் பலகை. குன்றுக்கு அப்பால் பழங்காலக் கற்குகை ஒன்று உண்டு என்பதே ஃபின்டன் காஃப்னிக்கு எஞ்சியிருந்த கடைசி நம்பிக்கை.

கூட்டம் போகிற இடத்துக்கே தானும் போவது அடிமைத்தனம் என்பது அவன் கொள்கை. பெயர் தெரியாத ஊர்களே உண்மையான அயர்லாந்து என்று டப்ளின் அலுவலகத்தில் அவன் முழங்காத நாளில்லை. அந்த முழக்கத்தை நம்பித்தான் மனைவி அசம்ப்டா மூன்று நாள் பயணத்துக்குப் பெட்டி கட்டினாள். முதல் நாள் பார்த்தது பூட்டிக் கிடந்த ஆலை. இரண்டாம் நாள் பார்த்தது மழை.

“இன்னைக்கும் ஒண்ணும் காட்டலேன்னா, அடுத்த வருஷம் எங்க அக்கா குடும்பத்தோட ஸ்பெயின்தான்.”

“உங்க அக்கா வீட்டுக்காரரோடயா?”

“ரெண்டு வாரம். ஒரே வீட்டுல.”

ஃபின்டன் காரை விரட்டினான்.

ஹெகார்ட்டி வீட்டு வாசலில் நீண்ட வரிசை நின்றது. மழைச்சட்டைகள், மலையேறும் காலணிகள், தோள்பைகள். அவன் நெஞ்சு நிமிர்ந்தது.

“பாத்தியா? சாவி வாங்கவே வரிசை.”

“கூட்டம்னா அடிமைத்தனம்னீங்க?”

“இது விவரம் தெரிஞ்ச கூட்டம்.”

வாசற்படி தாண்டிய பிறகே உண்மை அவன் முகத்தில் அறைந்தது. கூடத்தின் நடுவே திறந்த சவப்பெட்டி. அதில், மூடியின் பெயர்த்தகடு சொன்னபடி மலக்கி ஹெகார்ட்டி, விரல்களில் ஜெபமாலை சுற்றியபடி, அமைதியாகப் படுத்திருந்தார்.

“நழுவிடலாமா?” என்றான் ஃபின்டன் மெல்ல.

“செத்தவர் மூஞ்சியப் பாத்துட்டு, கை குடுக்காமப் போறதா? எங்கம்மா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்துடுவா.”

இழவு வீட்டு வரிசையைவிட்டு ஓடிய ஐரிஷ்காரன் இதுவரை பிறக்கவில்லை. கை கொடுத்தான். “உங்க துக்கத்துக்கு வருந்துறேம்மா.”

இறந்தவரின் தங்கை ஊனா, கொடுத்த கையை விடவில்லை. “அண்ணனோட எப்படிப் பழக்கம்?”

சாவி கேட்க வந்தேன் என்று பிணத்தின் முன்னால் சொல்லும் துணிவு எவனுக்கு உண்டு?

“குகை விஷயமா... டப்ளின்லேர்ந்து.”

“டப்ளின்லேர்ந்தா? அவ்வளவு தூரம் வந்தவர் நாலு வார்த்தை பேசாமப் போகக்கூடாது. எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கப்பா.”

வீடு அடங்கியது. நாக்கு அவனைக் கைவிடவில்லை. “நண்பர்களே, மலக்கி எந்த மனிதனுக்கும் கதவை அடைத்தவர் அல்லர். ஆனால் பழமையின் வாயிலுக்கோ, அவரே பூட்டு, அவரே சாவி.”

பூட்டு என்றதும் கூடம் வெடித்துச் சிரித்தது. சிரித்தவர்களே கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். ஃபின்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“எங்கண்ணனை உள்ளும் புறமும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க,” என்றாள் ஊனா. “பெட்டியத் தூக்க ஒரு தோள் குறையுது. முன்பக்கம் நில்லுங்க.”

“எனக்கு முதுகு வலிங்க.”

“அண்ணனுக்கும் இருந்துச்சு. அப்ப பின்பக்கம்.”

அவன் மனைவியைத் தேடினான். அசம்ப்டா சமையலறையில் முன்பின் அறியாத பெண்களோடு பன்றி இறைச்சி சாண்ட்விச் தின்றவாறு குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னை ஏன் பாக்கறீங்க? போய்த் தூக்குங்க. இந்தப் பயணத்துல இதுதான் உருப்படியான இடம்.”

தேவாலயத்துக்கு ஏற்றமான சாலை. வழக்கப்படி, பெட்டிக்கு அடியில் ஃபின்டனின் தோளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு இணையாக நடந்தார் சிவந்த முகத்துப் பெரியவர் ஒருவர். தோள் எரிந்தது, அதைவிட மனச்சாட்சி எரிந்தது. புகழுரையும் பொய், தூக்கும் உரிமையும் பொய். பாதி வழியில் அவனால் தாங்க முடியவில்லை.

“ஐயா, உங்ககிட்ட மட்டும் உண்மையச் சொல்லிடறேன். இவரை எனக்குத் தெரியவே தெரியாது. குகைச் சாவி கேக்கத்தான் வந்தேன். நீங்க இவருக்குச் சொந்தமா?”

பெரியவர் பெட்டியைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

“நான் கார்க் ஊர்க்காரன், தம்பி. நானும் ஒரு நாள் சாவி கேட்டு வந்து, டீயக் குடிச்சு, பொழுது சாயற வரைக்கும் இவரோட பேசிட்டுப் போனவன்தான். அந்த வரிசையில நின்ன அத்தனை பேரும் அப்படித்தான். குகைக் கதவுக்குப் பூட்டே கிடையாது.”