'கோ' எங்கெல்லாம் போகும்

இனிமேல் சனிக்கிழமை மத்தியானங்கள் எனக்கே சொந்தம் என்று தொண்ணூற்றொன்பது ஜூனில் முடிவெடுத்தேன். மனைவியிடம் இதை இப்படியே சொல்ல முடியாது. இங்கிலீஷ் கற்கப்போகிறேன் என்றேன்.

"இப்பவா? நாப்பத்திரண்டு வயசுலயா?" என்றாள் சீதாலட்சுமி.

"ஃபேக்டரியில கேக்கறாங்க. பேசினாதான் சூப்பர்வைசர்."

ஆஸ்டின் டவுனில் ஹெர்பர்ட் மாஸ்டர் தன் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வகுப்பு நடத்தினார். சீதாவையும் அழைத்துப்போய் மூன்று மாத வகுப்புக்கு ஃபீஸ் கட்டி என் பேர் கொடுத்தேன். சந்தேகம் வரக்கூடாது அல்லவா.

முதல் வகுப்பு நாளன்று டெய்லி பாஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தப்பாக நினைக்க வேண்டாம். சீட்டாட்டம் இல்லை, குடி இல்லை, வேறு வீடும் இல்லை. எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். ஓடும் பஸ்ஸில் அது யாருக்கும் தெரியாது. தொம்மலூரிலிருந்து சிவாஜிநகர், அங்கிருந்து மெஜஸ்டிக், அங்கிருந்து ஊருக்கு வெளியே ஹெப்பகோடி. ஹெப்பகோடியில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன்.

வீட்டில் நுழைந்ததும் சீதா, "இன்னிக்குப் படிச்சத ஒப்பிங்க" என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாளே அவென்யூ ரோட்டில் பழைய இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கினேன். முன்னாலும் பின்னாலும் கிழிந்த புத்தகம். நடுவில் 'கோ' என்ற வினைச்சொல் மட்டும் முழுசாக இருந்தது. அதை வைத்தே ஓட்டினேன்.

"இன்னிக்கு என்ன நடத்தினார்?"

"கோ."

"போன வாரமும் கோதானே?"

"போன வாரம் கோ அவுட். இந்த வாரம் கோ ஆன். வெளியே போறது வேற, நிறுத்தாம போயிட்டே இருக்கிறது வேற."

"கோ ஆஃப்?"

"பால் கெட்டாலும் கோ ஆஃப். கரெண்ட் போனாலும் கோ ஆஃப். அலாரம் அடிச்சாலும் கோ ஆஃப்."

"நின்னாலும் போச்சு, அடிச்சாலும் போச்சா?"

"அதை இங்கிலீஷ்காரனைக் கேளு."

எனக்கு அந்தச் சொல்லைப் பிடித்துப்போனது. அதற்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. அவுட், பேக், அப், டவுன் என்று யார் தோளில் கை போட்டாலும் கூடவே கிளம்பிவிடுகிறது. போன இடத்தில் ஆளே மாறிவிடுகிறது. கண்டக்டர் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கன்னடத்தில் எங்களை முன்னால் தள்ளும்போது, 'கோ ஃபார்வர்ட்' என்று மனசுக்குள் எழுதிக்கொள்வேன். ஒருவகையில் வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது.

பத்தாவது வாரம் சீதா கேட்டாள்: "கோவோட இஃப் வந்தா? அன்லெஸ் வந்தா? அன்டில்?"

முழங்கால் ஆடியது. "அதெல்லாம் அடுத்த வாரம்."

"அப்படியா?" என்றாள். "மாஸ்டர் மெதுவாத்தான் நடத்தறார்."

கடைசிச் சனிக்கிழமை களைத்த முகத்துடன் வீடு திரும்பினேன். "இன்னிக்குப் பரீட்சை. வெளுத்து வாங்கிட்டேன்."

"பரீட்சை போன வாரம்ங்க."

காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு சர்டிஃபிகேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஹெர்பர்ட் மாஸ்டரின் கையெழுத்து. முதல் வகுப்பில் தேர்ச்சி. பேர்: சீதாலட்சுமி எத்திராஜ். எத்திராஜ் என்பது நான்.

"முதல் நாள் கண்ணாடிய மறந்துட்டுப் போனீங்க. குடுக்கலாம்னு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். உங்க சேர் காலி. கட்டின ஃபீஸ் திரும்பாதும்மா, வீட்டு ஆள் யாராச்சும் உக்காரலாம்னார். உக்காந்தேன்."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே?"

"வேற வீடு இருக்குன்னு நெனச்சு முதல் வாரம் அழுதேன். ரெண்டாவது வாரம் மாஸ்டர் கோ ஆரம்பிச்சுட்டார். அழ நேரமில்ல. நீங்க ஒப்பிச்சது எனக்கு நல்ல ரிவிஷன்."

"அப்ப நம்ம பாப்பா வைஷ்ணவி யார்கிட்ட இருந்தா?"

"பக்கத்து வீட்டு ஜூடித் அக்காகிட்ட. ஆமா, நீங்க எங்கதான் போனீங்க?"

"பஸ்ஸுல."

"எந்த பஸ்?"

"எல்லா பஸ்ஸும்."

சர்டிஃபிகேட்டை மறுபடி காலண்டருக்குப் பின்னால் செருகினாள். வேறு வீடே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதோ என்னவோ.

"சரி. இங்க தொம்மலூர்லயே புதுசா ஒரு ஆபீஸ். போன்ல இங்கிலீஷ் பேசற வேலை. எடுத்துக்கிட்டாங்க. சனிக்கிழமையும் உண்டு. ஜூடித் அக்கா இனிமே முடியாதுன்னுட்டாங்க. பாப்பாவ நீங்கதான் பாத்துக்கணும்."

அடுத்த சனிக்கிழமை ஒரு மணிக்கு சீதா கைப்பையுடன் கிளம்பினாள். ஏழு வயது வைஷ்ணவிக்கு அரை டிக்கெட் போதும், அவளையும் ஹெப்பகோடி வரை கூட்டிப்போனால் என்ன என்று நினைத்து நான் மெல்லச் செருப்பை மாட்டினேன். வாசலில் சீதா நின்றாள். திரும்பி என் காலைப் பார்த்தாள்.

"டோன்ட் கோ அவுட் அன்டில் ஐ கம் பேக்."

அன்டில் இருந்த பக்கம் என் புத்தகத்தில் இல்லை. இருந்தாலும் புரிந்தது. செருப்பைக் கழற்றினேன்.