திட்டும் அதிகாரி தேவை

குரோம்பேட்டையில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி நடத்தும் சத்தியநாதனுக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை கோபம் வரும். கம்பெனியில் வேலை செய்பவர்கள் பதினான்கு பேர். தலைக்கு ஒன்று. அவர் பாரபட்சம் காட்டுகிறார் என்று இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

போன சித்திரையில் மேடவாக்கத்து அடுக்குமாடி ஒன்றில், தானே பழுது பார்த்துச் சான்று கொடுத்த லிஃப்டில் ஏறினார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. நாற்பது நிமிஷம். திட்ட உள்ளே ஆளில்லை, கண்ணாடியில் தெரிந்தவரைத் தவிர. நெஞ்சு அடைத்தது. மெக்கானிக் ஆஸ்டின்தான் கதவை நெம்பி வெளியே இழுத்தான்.

"சார், நீங்க கத்திகினு இருந்தது வெளிய கேக்கவே இல்ல" என்றான், ஆறுதலாக.

இருதயத்தில் கோளாறு இல்லை, எல்லாம் மன அழுத்தம்தான் என்றார் டாக்டர். மனைவி தபீதாள் பள்ளிக்கூட டீச்சர். விஷயத்தைச் சுருக்கமாக முடித்தார்.

"ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்க."

"எனக்கென்ன பைத்தியமா?"

"அப்போ கோச்சிங் போங்க. பெரிய கம்பெனி எம்.டி.ங்க எல்லாம் போறாங்களாம்."

"அது வேற விஷயம்" என்றார் சத்தியநாதன். வைத்தியம் நோயாளிக்கு, கோச்சிங் தலைவனுக்கு. அன்றைக்கே சேர்ந்தார்.

கோச் ஜோனத்தான் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். மூச்சைக் கவனியுங்கள், பிறர் சொல்வதைக் கேளுங்கள், பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள் என்றார். சத்தியநாதன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவரல்ல. மறுநாளே சுற்றறிக்கை வந்தது: "இன்று முதல் அலுவலகத்தில் மன அமைதி கட்டாயமாக்கப்படுகிறது. அமைதியாக இல்லாதவர்கள் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும்."

காலை பத்து மணிக்கு எல்லோரும் மூச்சுப் பயிற்சி. மானேஜர் சூர்யநாராயணன் முன்னால் வந்து நின்றார் சத்தியநாதன்.

"யோவ், மூச்சு விடச் சொன்னா பெருமூச்சு விடுறியா?"

இதைக் கேள்விப்பட்ட ஜோனத்தான் அவரை வரச்சொன்னார். "சார், அமைதியைக்கூட நீங்க மிரட்டித்தான் வாங்குறீங்க. உள்ள வேற ஏதோ இருக்கு. அது என் வேலை இல்ல. தாம்பரத்துல ஈவ்லின் மேடம்னு ஒரு மனநல ஆலோசகர் இருக்காங்க, போய்ப் பாருங்க" என்றார். தன்னால் ஆகாததை ஆகாது என்று சொல்லும் ஆளைச் சத்தியநாதன் அதுவரை தொழிலில் பார்த்ததில்லை. அதனாலேயே போனார்.

ரயில் நிலையத்தை ஒட்டிய மாடியறை. ஈவ்லின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடைசியா எப்போ பயந்தீங்க?"

"பயமா? எனக்கா?"

அவர் காத்திருந்தார். கீழே இரண்டு ரயில்கள் வந்துபோயின. மூன்றாவது வருவதற்குள் சத்தியநாதன் பேச ஆரம்பித்திருந்தார். ஃபோன் அடித்தாலே எங்கோ ஒரு லிஃப்ட் கயிறு அறுந்துவிட்டது என்றுதான் தோன்றும். உள்ளே குழந்தை இருந்திருக்குமோ என்று நினைப்பு ஓடும். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். "கத்தினா, கொஞ்ச நேரத்துக்குப் பயம் கேக்காது மேடம்" என்றவர், தான் அழுவதைப் பார்த்துத் தானே ஆச்சரியப்பட்டார்.

வாராவாரம் போனார். பதினான்கு கோபம் ஐந்தாயிற்று, ஐந்து ஒன்றாகி, அதுவும் நின்றது. தூக்கம் வந்தது.

கம்பெனிக்குத்தான் சிக்கல் வந்தது. அங்கே ஒரு தடவை திட்டினால் நாளைக்குள் முடிக்க வேண்டிய வேலை, இரண்டு தடவை என்றால் இன்றைக்குள், ஃபைல் பறந்தால் இந்த நிமிஷமே என்று கணக்கு. இப்போது எல்லா வேலையும் ஒரே குரலில் வந்தது. ஆகவே எதுவும் நடக்கவில்லை. திட்டு நின்ற ஆறாவது வாரம் சூர்யநாராயணன் ஒரு மனு கொடுத்தார்.

"பொருள்: தாங்கள் திட்டாமை தொடர்பாக. கடந்த ஒன்றரை மாதமாகத் தாங்கள் எங்களைத் திட்டாததால் எது அவசரம் என்று அறிய இயலாமல் பெரிதும் அவதியுறுகிறோம். உடல்நலம் கருதித் தங்களால் திட்ட இயலாவிடில், தகுந்த மாற்று ஏற்பாடு செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

கீழே பதினான்கு கையெழுத்து.

சத்தியநாதனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக இதைத்தான் நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே. பொறுப்பைப் பிரித்துக் கொடு என்று ஜோனத்தான் சொன்னபடி, கம்பெனி வாட்ஸப் குழுவில் அறிவிப்பு போட்டார். திட்டும் அதிகாரி தேவை, தினம் அரை மணி நேரம், கூடுதல் சம்பளம் கிடையாது. அனுபவத்தையும், முதலில் யாரைத் திட்டுவீர்கள் என்பதையும் எழுதித் தரவும். திட்டு வாங்கி நொந்தவர்களாயிற்றே, ஒருவரும் வரமாட்டார்கள், மனுவும் தானாகச் செத்துவிடும் என்று நம்பினார்.

சாயங்காலத்துக்குள் பதினான்கு விண்ணப்பம் வந்தது. முதலில் யாரைத் திட்டுவார்கள் என்ற இடத்தில் சூர்யநாராயணன் சூப்பர்வைசரை எழுதியிருந்தார். சூப்பர்வைசர் ஆஸ்டினை எழுதியிருந்தார். ஆஸ்டின், கடைசியாகச் சேர்ந்த ஹெல்பரை. ஹெல்பருக்குக் கீழே ஆளில்லை. அவன், "லிஃப்டில் ஏறும் பொதுமக்கள்" என்று எழுதியிருந்தான்.

பதினைந்தாவதாகவும் ஒன்று வந்தது. அந்தக் குழுவில் தபீதாளும் இருப்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. அனுபவம்: பதினெட்டு வருஷம், வாங்கும் பக்கம். முதலில் யாரை என்ற இடத்தில் சத்தியநாதனின் பெயர்.

பதினைந்து பேரில் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் இவர் ஒருவர்தான் என்று சத்தியநாதனுக்குத் தோன்றியது. நேர்முகத் தேர்வுக்கு வீட்டுக்குக் கிளம்பினார்.