குல்லா சார்

தண்ணீரிடமே அடையாள அட்டை கேட்ட மனிதர் டில்லியில் ஒருவர்தான். அவர் எங்கள் குல்லா சார்.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர். ரூம் முனிர்காவில். ஒரு சமயம் ஆஸ்பத்திரியில் வாய் கொப்பளிக்கும் மருந்தைச் சோதித்தார்கள். பல்லில் படியும் அழுக்கும் ஈறு வீக்கமும் அதனால் குறைகிறதா என்று பார்க்க ஆள் சேர்த்தார்கள். வந்தவர்களில் ஒருவர் ரிட்டயர்டு தமிழர். ஆர்.கே.புரத்தில் மகனுடைய குவார்ட்டர்ஸில் இருந்தார். முப்பது வருஷம் டில்லியில் இருந்தும் இந்தி அவருக்கு 'அச்சா'வோடு முடிந்துவிடும். மொழிபெயர்க்க என்னைப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

முதல் நாள் பல்லைச் சுத்தம் செய்துவிட்டு டாக்டர் மேடம் சொன்னார். "அங்கிள், குல்லா கீஜியே."

சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"யாருக்குப்பா குல்லா போடுறாங்க? மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க."

"கொப்பளிக்கச் சொல்றாங்க சார். இந்தியில அதுக்குப் பேரு குல்லா."

"நம்ம ஊர்ல ஏமாத்துறதுக்குப் பேரு."

"தெரியும் சார்."

"ரெண்டும் ஒண்ணா இருக்கலாம்ல?"

அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது.

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. கீழே முன்பல் நாலும் லேசாக ஆடின. தேய்த்தால் ஈறில் ரத்தம். மூன்று மாதத்தில் ஈறு இறுகவில்லையென்றால் நாலையும் எடுக்க வேண்டும் என்றார் மேடம். ஆர்.கே.புரம் முருகன் கோயிலில் விசேஷ நாள் என்றால் மைக் சாரிடம்தான். பிள்ளையைத் தொலைத்தவருக்கும் செருப்பைத் தொலைத்தவருக்கும் அவர்தான் அறிவிப்பு.

"நாலும் போச்சுன்னா செருப்புன்னு எப்படிப்பா சொல்றது? காத்துதான் வரும்."

பிறகு மேடம் முறையை விளக்கினார். பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் தண்ணீர். பாட்டிலில் நம்பர் மட்டும். யாருக்கு எது என்று மேடத்துக்கே தெரியாது. நான் தமிழில் சொன்னேன்.

"டாக்டருக்கே தெரியாதா?"

"தெரியாது சார்."

"பின்னே யாருக்குத் தெரியும்?"

"எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, பெரிய டாக்டர் பீரோவில இருக்கு."

"பீரோ சாவி?"

"தெரியாது சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான்தான் எல்லாம் தெரிந்தவன் என்று முடிவு செய்துவிட்டார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவார். நான் புதுப் பாட்டில் கொடுப்பேன்.

"போன தடவை வலது கையால கொடுத்தே. இன்னைக்கு இடது கை. ஏன்?"

"வலது கையில டீ சார்."

டீயையும் எட்டிப் பார்த்தார்.

ஒரு நாள் வராண்டாவில் எறும்பு வரிசை மேல் மூன்று சொட்டு விட்டார். எறும்பு சுற்றிக்கொண்டு போனது.

"மருந்துன்னா செத்திருக்கணும்ல?"

"எறும்பு மருந்து இல்லை சார்."

இன்னொரு நாள் பெஞ்சில் பக்கத்திலிருந்த சர்தார்ஜியிடம் வாயைத் திறக்கச் சைகை காட்டினார். சர்தார்ஜி கிட்வாய் நகர்க்காரர், அவரும் சோதனைக்கு வந்தவர். பாவம், திறந்தார். பல்லோரம் பழுப்பேறியிருந்தது. டீயில் ருசியே தெரியவில்லை என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

சார் என்னைத் தனியே இழுத்தார்.

"அவருக்கு டீ ருசிக்கலையாம். எனக்கு ரசம் நல்லா ருசிக்குது. என்ன அர்த்தம்?"

"உங்க வீட்டு ரசம் நல்ல ரசம் சார்."

சோதிக்கும்போது பல்லில் சிவப்புச் சாயம் தடவுவார்கள். அழுக்கு இருக்கும் இடத்தில் சிவப்பு நிற்கும். மற்றவர்கள் வெற்றிலை போட்ட மாதிரி எழுந்திருப்பார்கள். சார் வாயில் சாயம் நிற்கவே இல்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"சாயத்திலயும் தண்ணி கலந்துட்டீங்களா?"

காரணம் அவர் நிரப்பிய ஃபாரத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை பல் தேய்க்கிறீர்கள் என்று அதில் கேட்டிருக்கும். எப்போதும்போல் இரண்டு தடவை தேய்த்தால் போதும் என்று மேடம் சொல்லியிருந்தார். எல்லாரும் இரண்டு என்று எழுதினார்கள். சார் தமிழில் எழுதினார். 'ஐந்து முறை. காரணம்: சந்தேகம்.'

"ரெண்டுன்னு எழுதியிருக்கலாமே சார்."

"பொய் எழுத மாட்டேன். அவங்க எழுதினா எழுதட்டும்."

மேடத்துக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியே இங்கிலீஷில் ஏற்றிக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்து கவரைப் பிரித்தார்கள். சர்தார்ஜிக்கு மருந்து. சாருக்குத் தண்ணீர்.

நாங்கள் எல்லாரும் சிரித்த மனிதர் சந்தேகப்பட்டதுதான் சரி. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. விரலைக் கீழ்ப் பல்லில் வைத்துக்கொண்டு, "இது நாலும்?" என்றார்.

மேடம் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஈறு இறுகியிருந்தது. ரத்தம் இல்லை. எடுக்க வேண்டாம் என்றார். நான் சொன்னேன்.

சார் என் பக்கம் திரும்பினார்.

"தண்ணிதானேப்பா கொடுத்தாங்க. அப்ப என் பல்லைக் காப்பாத்தினது யாரு?"

"உங்க சந்தேகம்தான் சார்."

தண்ணீர் வந்தவர்களுக்கெல்லாம் அன்று அசல் மருந்து கொடுத்தார்கள். சார் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"முதல்ல நீ கொப்பளி."

கொப்பளித்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குடித்த டீ தகரம் மாதிரி இருந்தது. சாருக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப அசல்தான்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போனேன். கும்பிட்டு வந்து பார்த்தால் செருப்பைக் காணோம். சாரிடம் சொன்னேன். மைக்கில் சொன்னார். செருப்பு என்ற சொல் காற்று இல்லாமல், கணீரென்று வந்தது. மாற்றிப் போட்டுப் போனவர் திருப்பிக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். நான் கையை நீட்டினேன்.

"அடையாளம் சொல்லு."

"சார், நான்தான்."

"நீ நீதான். செருப்பு உன்னுதுன்னு எப்படி நம்புறது?"

"இடது வார்ல கறுப்பு நூல் தையல் சார்."

திருப்பிப் பார்த்தார். தையல் இருந்தது. சிரித்துக்கொண்டே கொடுத்தார். கீழ்ப் பல்லை எண்ணினேன். நாலும் இருந்தன.

ஆனாலும் எனக்கு இப்போது நம்பிக்கை வருவதில்லை. ஒவ்வொரு கிருத்திகைக்கும் போய் எண்ணிவிட்டு வருகிறேன்.