பாட்டை நிறுத்திய எக்கோ அண்ணை

நல்ல காரியமொன்றுக்கு ஊரைக் கூட்ட வேண்டுமானால் பாட்டைப் போட வேண்டுமா, நிறுத்த வேண்டுமா? எங்கள் வாசிகசாலை முற்றத்தில் நின்றபோது இந்தக் கேள்வி என்னை மடக்கியது.

மருதனார்மடத்தைச் சுற்றி ஒலிபெருக்கி கட்டுபவர்களில் எக்கோ அண்ணையளவுக்கு ஊரைக் கலங்கடித்தவர் எவருமில்லை. எல்லா அறிவித்தலுக்கும், சொன்னது எதிரொலித்துத் திரும்பத் திரும்பக் கேட்கும்படி எக்கோ போடுவார். திருவிழாவில் ஒரு பிள்ளை காணாமற்போனபோது அவர் அறிவித்த விதத்தில், தொலைந்தவை நாலு பிள்ளைகள் என்று சனம் நம்பியது.

அவருடைய உயிர் ஒரு பழைய ஆங்கில றொக் பாட்டில் இருந்தது.

“தம்பி, உதிலை கேக்கிறது ஒரே ஆளின்ரை கிற்றார். திரும்பத் திரும்ப வாசிச்சுப் பதிஞ்சு, ஒண்டுக்கு மேலை ஒண்டாய் அடுக்கினவங்கள். முதல் கிற்றார் தனிய வரும். பிறகு பேஸ் கிற்றார். அதுக்குப் பிறகுதான் ட்றம்ஸ். உச்சத்திலை எல்லாம் கப்பெண்டு நிண்டிடும். அந்த மௌனம்தான் பாட்டு. மிச்சமெல்லாம் அதுக்கு வேலி!”

வாசிகசாலையில் இரத்ததான முகாமொன்றை ஒழுங்குசெய்திருந்தோம். இம்முறையும் ஆள் வராவிட்டால் இனி இங்கே வருவது கடினம் என்று இரத்த வங்கித் தாதி சொல்லியிருந்தார். காலை முழுவதும் கட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன. ஒலிபெருக்கி கட்ட வந்த எக்கோ அண்ணையோ, மருமக்கள் இருவரை பேஸுக்கும் ட்றம்ஸுக்கும் இருத்தி, கிற்றாரைத் தூக்கினார்.

“அண்ணை, இரத்தம் குடுக்க வாற சனத்துக்கு இது பொருந்துமே?” என்று கேட்டேன்.

“வாற சனம் எங்கை?”

ஒலிபெருக்கியில் பாட்டு ஏறியது, உச்சத்தில் நின்றது. மருமகன் அடுத்த அடிக்குக் கோலை ஓங்க, அண்ணை கையால் மறித்துவிட்டு ஆறுதலாகத் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினார்.

எங்கள் ஊரில் ஒலிபெருக்கி பாதியில் நின்றால், அயலில் சாவு என்று பொருள். பக்கத்துச் சந்தையே ஓடி வந்தது. சைக்கிள்கள் மதிலில் சாய்ந்தன.

“ஆர் தம்பி மோசம் போனது?”

அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். முதன்முறையாக எக்கோ இல்லை.

“ஒருத்தரும் சாகேல்லை. சாகாமல் இருக்கத்தான் இரத்தம் கேக்கிறம். வந்தனீங்கள், உள்ளை போய்ப் படுங்கோ!”

“உனக்கு உதுதான் வேலை!” என்று ஏசிக்கொண்டே ஒரு மரக்கறி வியாபாரி சட்டைக் கையை மடித்தார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது. அதன்பிறகே ட்றம்ஸில் அடுத்த அடி விழுந்தது.

பதற்றத்தில் யாராவது மயங்கியிருந்தால் விளைவு என்னவாகியிருக்கும் என்று பின்னர் அவரிடம் கேட்டேன்.

“கட்டில் இருந்தது தானே?” என்றார்.

இப்போது அவசரமாக இரத்தம் வேண்டுமென்றால் தாதி அழைப்பது எக்கோ அண்ணையைத்தான். அவர் கூப்பிட்டால் சந்தை எழுந்து வருகிறது. நானும் போய்க் கையை நீட்டுகிறேன்.