கம்பெனியும் ஒரு மூட்டை கேரட்டும்

கவுஞ்சி,
மார்ச் 2008

மரியாதைக்குரிய செல்வமேரி அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் ஃபெமினா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு நாங்கள் அனைவரும் சுகம். அங்கு நீங்களும், முட்டிவலி நீங்கலாக மாமாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

உங்கள் பள்ளி விடுதியில் துணை வார்டன் வேலை ஜூனில் காலியாகிறது, வருகிறாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தீர்கள். வருகிறேன். எனக்கென்று ஒரு கம்பெனி இருக்கிறது, யாரிடமும் கைகட்டி நிற்க மாட்டேன் என்று போன கடிதத்தில் திமிராக எழுதியிருந்தேன் அல்லவா, அந்த வரியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கம்பெனி சனிக்கிழமை இறந்துவிட்டது. அடக்கம் செய்தவர் உங்கள் அண்ணன்.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. என்னோடு படிக்கும் ராஜ்மோகனின் வீடு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அடுத்த தெரு. அவன் வெள்ளனே எழுந்துபோய்க் காய்கறி விலையைக் கேட்டு எனக்குச் சொல்வான், நான் நம் ஊர்க்காரர்களின் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவேன். விலை இருந்தால் பறிப்பார்கள், இல்லையென்றால் செடியிலேயே விட்டுவைப்பார்கள். போன மாதம் பீன்ஸ் விலை விழுந்தபோது அப்பா பறிக்காமல் பொறுத்திருந்து, அடுத்த வாரம் நல்ல விலைக்கு விற்றார். அந்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு சுடிதார்கூட எடுத்துக் கொடுத்தார். இதையெல்லாம் நினைத்துத்தான், சென்னையிலிருந்து முதலீட்டாளர்கள் கொடைக்கானல் வருகிறார்கள், மாணவர்கள் தங்கள் திட்டத்தைச் சொல்லலாம், கூடவே வாடிக்கையாளர் ஒருவரையும் அழைத்து வரலாம் என்று கல்லூரியில் அறிவித்ததும், நான் புத்திகெட்டுப்போய் அப்பாவை அழைத்துப் போனேன். அவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெரிய மனிதர்களைப் பார்க்க வெறுங்கையோடு போவதா என்று ஒரு மூட்டை கேரட்டையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஏரிக்கரை ஹோட்டலின் கம்பளத்தில் அந்த மூட்டை செம்மண்ணை உதிர்த்துக்கொண்டே வர, நான் பின்னாலேயே காலால் தள்ளி மறைத்துக்கொண்டு போனேன். ராஜ்மோகன் டை கட்டி, இங்கிலீஷில் நன்றாகத்தான் பேசினான். நானும் பேசினேன். அவர்களும் தலையை ஆட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். நடுவில் இருந்த கோட்டுக்காரர் அப்பாவைப் பார்த்து, "ஐயா, இந்த வருஷம் விளைச்சல் எப்படி?" என்றார்.

"வெளைச்சலா? என்னத்தங்க வெளைஞ்சுச்சு? எல்லாம் போச்சுங்க."

நம் தோட்டத்தில் பூண்டு எப்படி நிற்கிறது என்று நீங்கள் வந்து பார்க்க வேண்டும் அத்தை! நம் ஊரில் நன்றாக விளைந்தவன் சொல்லும் பதில் இதுதான் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நிஜமாகவே அழிந்துபோனால் எவனும் வாயே திறக்க மாட்டான். அது சென்னைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் முகம் வாடிப்போய், "அப்போ ஊர்ல மத்தவங்க?" என்றார்.

"எவன்ங்க இப்ப வெவசாயம் பாக்குறான்? பூராம் தரிசாக் கெடக்கு."

"அந்த மூட்டையில என்ன?"

"அதுங்களா? சும்மா மிச்சம் மீதி கெடந்துச்சுங்க, கேரட்டு."

கண்ணாடி போட்ட ஒரு அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே, "உங்க பொண்ணு செய்யிற வேலை உங்களுக்கு உதவியா இருக்குங்களா?" என்று கேட்டார். பீன்ஸ், பீன்ஸ் என்று மனதுக்குள் கத்தினேன். அப்பா என்னைப் பார்த்தார். பெற்ற பிள்ளையை அந்நியர் முன்னால் எப்படிப் புகழ்வது?

"அது என்னமோங்க, சின்னப்புள்ளைக வெளையாட்டு."

விளைச்சலே இல்லாதவர்களுக்கு விலை எதற்கு என்று கோட்டுக்காரர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். கம்பெனியை வேண்டாம் என்றார்கள், கேரட்டை வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பங்கு பிரித்துக் காரில் ஏற்றினார்கள். டையைக் கழற்றியபடி ராஜ்மோகன், "ஏ ஃபெமினா, உங்கப்பாவ உக்கார வச்சுட்டு அந்த மூட்டையப் பேசச் சொல்லிருக்கலாம்" என்றான்.

பஸ்ஸில், "ஏம்ப்பா அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "பின்ன? முன்னப்பின்ன தெரியாத ஆளுககிட்ட, ஆமாய்யா கொட்டோ கொட்டுன்னு கொட்டுதுன்னா சொல்லுவாக? நாளைக்கே ஆலங்கட்டி விழுந்தா அந்தக் கோட்டுக்காரரா வந்து பெறக்குவாரு?" என்றார். அத்தோடு தூங்கியும் விட்டார், என் தோளில் சாய்ந்து. இரண்டு வருட உழைப்பு அத்தை. வெளையாட்டாம். என்னத்தச் சொல்ல.

ஆகவே வார்டன் வேலைக்கு என் பெயரைச் சொல்லிவிடுங்கள். மாமாவுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் அனைவரையும் காப்பாராக.

இப்படிக்கு, உங்கள் அன்புள்ள,
ஃபெமினா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அந்தக் கண்ணாடி அம்மா போன் செய்தார். சிக்னலுக்காகக் கோயில் மேட்டுக்கு ஓடிப்போய்ப் பேசினேன். "உங்கப்பா சொன்னதை நான் நம்பலம்மா, கேரட்டைச் சாப்பிட்டுப் பார்த்தேன். நீ உள்ளதைச் சொல்லு, உங்க சர்வீஸ் எப்படிப் போகுது?" என்றார். நம் ஊரில் பாதி வீட்டுக்கு மேல் எஸ்.எம்.எஸ். போகிறது, இந்த வாரம் பூம்பாறையிலிருந்தும் ஆள் வந்து கேட்டார்கள். நான் சொன்னேன்: "என்னத்தங்க மேடம், ஏதோ ஓடுதுங்க." அவர் "ஓ, அப்படியா" என்று வைத்துவிட்டார். மேட்டை ஒட்டிய நம் தோட்டத்தில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்து, "அப்பிடித்தான் சொல்லணும்" என்றார். மேலே 'அடக்கம் செய்தவர் உங்கள் அண்ணன்' என்று எழுதிய இடத்தில் 'அடக்கம் செய்தவள் நான்' என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.