ரேடாருக்குத் தெரியாத படகில் ஒன்பது கிடாரங்கள்

நாலு எழுத்துப் படித்தவன் கடலில் வாயைத் திறக்கக்கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது யாழ்ப்பாணத்துக் குருநகருக்கும் எழுவைதீவுக்கும் இடையில், ஊருக்கே சோறாக்கும் ஒன்பது அலுமினியக் கிடாரங்களோடு.

அப்போது நான் சுன்னாகத்தில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகம் படிப்பிக்கும் ரியூசன் மாஸ்டர். குருநகர் நிரோஜாவைக் கலியாணம் செய்ய ஆசை. (அவளுக்கும் ஆசைதான். இதை எழுதாவிட்டால் வீட்டில் வழக்கு வரும்.) எங்கள் வீட்டில் அழுது முடித்துச் சம்மதித்துவிட்டார்கள். மிஞ்சியிருந்தவர் அவளுடைய அப்பா சூசை ஐயா. கடலில் தொழில் செய்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர். வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்த பொடியன், சமயமும் வேறு என்று யோசித்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எட்டு மாதமாக என்னை 'மாஸ்டர்' என்றே கூப்பிட்டார். நானும் 'மாமா' என்று வாயெடுத்து, ஒவ்வொரு முறையும் 'ஐயா' என்று முடித்தேன்.

அந்த நேரம் பார்த்து நிரோஜாவின் அண்ணைக்கு எழுவைதீவில் கலியாணம் வந்தது. விருந்துக்கான கிடாரங்களைச் சூசை ஐயா தன்னுடைய படகில் கொண்டுபோவதாக ஏற்பாடு. எப்படியாவது அவரிடம் நல்ல பெயர் வாங்கவேண்டும் என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

போகும் வழியில் கடற்படையின் ரேடார் காவல் நிலையம் ஒன்று இருக்கிறது. எதிரி வருவதை முன்கூட்டியே அறிவதற்காக வைத்தது. சண்டை முடிந்து இவ்வளவு காலமாகியும் கண்ணை மூடவில்லை. சுற்றிப்போய் அங்கே பதிந்துவிட்டுப் போவோம், ஒரு மணித்தியாலம்தான் கூட என்றார் சூசை ஐயா. எனக்கு நாக்கு அரித்தது.

"தேவையில்லை ஐயா. இது பைபர் படகு. ரேடார் அலை இதுக்குள்ளாலை போயிடும், திரும்பி வராது. அவங்களுக்கு நாங்கள் தெரியவே மாட்டம்."

"வடிவாத் தெரியுமோ, மாஸ்டர்?"

"நான் படிப்பிக்கிற பாடமே உதுதான்."

அவர் படகை நேரே விட்டார். என் சொல்லைக் கேட்டுவிட்டார் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருந்த சந்தோசத்தில் எழுந்துபோய்க் கிடாரங்களைப் படகின் முன்பக்கம், அணியத்தில் இரண்டு வரிசையாகச் சரித்து, வாயெல்லாம் முன்னுக்குப் பார்க்க, இடையிடையே மூடிகளையும் நிமிர்த்திக் கட்டினேன். உலோகத்தில் பட்டால் ரேடார் அலை அப்படியே திரும்பிப் போகும் என்பது அந்தப் பாடத்தின் இரண்டாவது வரி. (நான் முதல் வரியோடு நின்றுவிட்டேன்.)

பாதித் தூரத்தில் இரண்டு கடற்படைப் படகுகள் பாய்ந்து வந்தன. எங்களை அவர்கள் கவனிக்கவேயில்லை. எங்களைச் சுற்றிப்போய்ப் பின்னால் இருந்த கடலைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"பெரிய கப்பல் எங்கே?"

நாங்களும் திரும்பிப் பார்த்தோம். அதற்குள் அவருடைய கண் கிடாரங்களில் விழுந்துவிட்டது.

காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரும்புக் கப்பல் அளவில் ஏதோ ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் தீவை நோக்கி வருவதாகத் திரையில் தெரிந்ததாம். தமிழ் நன்றாகத் தெரிந்த அதிகாரி ஒருவர் சொன்னார். சூசை ஐயா தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். என்னுடையது சுன்னாகத்தில், பழைய சேட்டின் பொக்கற்றில் இருந்தது. மாப்பிள்ளைக் களை வரட்டும் என்று அன்று புதுச்சேட்டுப் போட்டிருந்தேன்.

பயம் வந்தால் சிலர் கடவுளைக் கூப்பிடுவார்கள். நான் பாடம் எடுப்பேன். கடதாசி வாங்கி, படம் கீறி, அலை எப்படித் தெறிக்கிறது என்று அந்த அதிகாரிக்கே விளக்கத் தொடங்கினேன். ரேடாருக்கு முன்னால் இருந்து பழகிய நேவிப் பொடியள், மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். அந்தப் பக்கம் தீவில் அரிசி கழுவி வைத்துவிட்டுக் கிடாரத்துக்காகக் காத்திருந்தார்கள். நிரோஜா இனி எனக்கில்லை என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அதோடு பாடமும் நின்றது.

அதிகாரி ஒரு பதிவுக் கொப்பியைத் திறந்து, என்னைக் காட்டிக் கேட்டார்.

"அட்டை இல்லாத இவர் உங்களுக்கு யார்?"

சூசை ஐயா என்னைப் பார்த்தார். வெளியே தெரிந்த கிடாரங்களைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டையும் பார்த்தார்.

"மருமகன். எழுதுங்கோ."

எழுதியதற்குக் கீழே கையெழுத்தும் போட்டார். எனக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. பயந்துவிட்டேன் என்று நினைத்து அதிகாரி தேத்தண்ணி தந்தார்.

அன்று விருந்துச் சோறு பின்னேரம் நாலு மணிக்குத்தான் இறங்கியது. தீவுக்குப் போய்ச் சேரும் வழியில் முதல்முறையாக அவரை "மாமா" என்றேன். "கிடாரத்தைக் கவிட்டு வையும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருசம் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் நிச்சயதார்த்தம் நேவியின் கொப்பியில் நடந்தது என்று நிரோஜா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். உடனே யாராவது மாமாவிடம், அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பார்கள். அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான்.

"இவரை அங்கை விட்டிட்டு வரத்தான் நினைச்சனான். பிறகு பாத்தன், அந்த நேவிப் பொடியள் பாவம்."