ஓடும்போது எடுத்த சாமான்

கலியாணம் முடித்து முப்பத்தைந்து வருடத்தில் மார்கிறட்டிடம் நான் ஒரேயொரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். இதை அவளிடம் சொன்னால், "இது ரெண்டாவது" என்பாள். ஆனபடியால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பொய்யைச் சாகும்வரை காப்பாற்றுவது என்று இந்தத் தவக்காலத்தில் உறுதி எடுத்தேன். மற்றவர்கள் தவக்காலத்துக்கு இறைச்சியை விடுவார்கள், சாராயத்தை விடுவார்கள். நான் உண்மையை விட்டேன். உயிர்த்த ஞாயிறு வரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கத்தரிக்கோல்.

எங்கள் ஊர் அளம்பில், முல்லைத்தீவுக் கரை. கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் ஒட்டுச்சித்திர வகுப்பு என்று ஃபாதர் பூசையில் அறிவித்தார். படிப்பிக்க கஜேந்தினி மிஸ் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்தா. கிழிந்த கடதாசி, சீலைத்துண்டு, பழைய ரிக்கெற் என்று கையில் கிடைத்ததை வெட்டி மட்டையில் ஒட்டினால் மனக்காயம் ஆறும், எங்களை நாங்களே கண்டுபிடிக்கலாம் என்பது அவாவின் கட்சி. என்னுடைய பயம் வேறு. என்னை நான் கண்டுபிடிக்க முதல் மற்றவர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதே!

மார்கிறட் முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தாள். மாசி முடிய முதலே எங்கள் கலண்டரில் பங்குனியைக் காணவில்லை. பிறகு என் நீலச் சாரத்தின் கீழ்ப்பாதியைக் காணவில்லை. மேற்பாதி தப்பியதற்குக் காரணம், அந்த நேரம் அதை நான் இடுப்பில் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

"இஞ்ச பார் மார்கிறட், இது நான் கோவிலுக்கு உடுக்கிற சாரம்."

"கடல் ஒட்ட வேணும். வேற நீலம் சரிவராது."

"கடல் முன்னுக்குத்தானே கிடக்கு?"

"அதை வெட்டேலாதே."



வெட்டட்டும், ஒட்டட்டும் என்று நானும் இருந்தேன். ஒரு சனிக்கிழமை சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"கடைசிப் படத்துக்கு மிஸ் தலைப்புத் தந்திட்டா. 'ஓடேக்க எடுத்த சாமான்'. இடம்பெயரேக்க ஆர் ஆர் என்னத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவை எண்டு ஒட்ட வேணும்."

எனக்குச் சோறு தொண்டையில் நின்றது.

"எல்லாருக்கும் முன்னால படத்தைக் காட்டுற நாளைக்குப் புருசன்மாரும் வரவேணுமாம்."

சோறு இறங்கவேயில்லை.

இனி அந்தப் பொய்யைச் சொல்கிறேன். நான் ஒருகாலத்தில் கோல்கீப்பர். அந்தோனியார் பெருநாள் உதைபந்தாட்டத்தில் ஐந்து ஆட்டம் விளையாடி ஒரு கோல்கூட உள்ளே விடவில்லை. சிறந்த கோல்கீப்பர் என்று ஒரு கப் தந்தார்கள். ஒரு அடி உயரம், இரண்டு காது, மேலே மூடி. அதைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்த அன்று பின்னேரம்தான் மார்கிறட் முதன்முதலில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கப்பைத்தான் பார்த்தனான் என்பது அவளுடைய வாதம்.

அந்தக் காலத்தில் ஓடுவதற்கென்றே எல்லா வீட்டிலும் கதவடியில் ஒரு பை இருக்கும். எங்கள் பையை மார்கிறட்தான் அடுக்கினாள். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளைகளின் படிப்புப் பத்திரம், எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் கலியாண அல்பம். ஒரு பிலிம் ரோல், முப்பத்தாறு படம். 2008 மார்கழியில் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று, அவள் பிள்ளைகளுக்குச் சட்டை மாற்றிய நேரம் பார்த்து, நான் பையிலிருந்து அல்பத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பையில் அந்த இடத்தில் கப்பைச் சாரத்தால் சுற்றி வைத்தேன். ஷெல் விழுகிற நேரத்தில் கப்புக்கு இடம் தேடியவன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். பிறகு வெளியே போய்ச் சைக்கிளில் மூட்டைகளைக் கட்டிவிட்டு வந்து, அலுமாரியைப் பூட்டித் திறப்பையும் எடுத்துக்கொண்டேன். எப்படியும் ஒரு மாதத்தில் திரும்பி வருவோம் என்றுதான் நினைத்தேன். அந்தத் திறப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அலுமாரியும் இல்லை, அந்த வீடும் இல்லை.

அடுத்த நாலைந்து மாதம் எத்தனையோ இடத்தில் இருந்தோம். கப்பைச் சுற்றிய சாரத்தை நான் அவிழ்க்கவேயில்லை, அவள் கண்டுவிடுவாள் என்ற பயத்தில். கடைசியில் நந்திக்கடலைத் தாண்டி வந்தபோது சோதனையில் ஒரு ஆமிப் பொடியன் அவிழ்த்தான். கப்பின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். என்னைப் பார்த்தான். மார்கிறட்டைப் பார்த்தான். சிரித்தான். மூடியைப் போட்டுத் திருப்பித் தந்தான். பாவம், அவனும் ஊரில் கோல்கீப்பராய் இருந்திருப்பான் என்று நினைத்தேன்.

"கப்பு எப்பிடி வந்தது?" என்று மார்கிறட் கேட்டாள்.

"சாரத்துக்குள்ள தவறுதலாச் சுத்துப்பட்டு வந்திட்டுது."

"அப்ப அல்பம்?"

"தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. இடுப்பளவு தண்ணியில என்ன செய்யிறது?"

என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "சரி. நாலு பேரும் உயிரோட வந்தது காணும்" என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என்ன பக்குவம், என்ன விசுவாசம் என்று நான் உருகிப்போனேன். அதற்குப் பிறகு ஆர் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொன்னேன். வருசம் போகப் போகத் தண்ணீர் நெஞ்சளவானது. கப் மட்டும் வெட்கப்பட்டுப் புது வீட்டு அலுமாரிக்குப் பின்னால் இருந்தது.

இப்போது மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் மார்கிறட் என்னத்தை ஒட்டப் போகிறாள்? அவளிடம் ஒட்ட என்ன இருக்கிறது? 'இவர் கப்பு எடுத்தவர்' என்று சொன்னால் என் கதை கந்தல். பந்து வரும் என்று கோலடியில் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, முன்னுக்கு ஓடிப்போய்ப் பிடிக்க வேணும். நானும் வகுப்பில் சேர்ந்தேன். இருபத்திரண்டு பெண்கள், ஒரு மீசை. முதல் நாளே மீசையில் பசை.

என் திட்டம் இதுதான். நந்திக்கடலில் அல்பம் விழுகிற காட்சியை நானே ஒட்டிக் கோவில் மண்டபச் சுவரில் தொங்கவிடுவது. கோவில் சுவரில் தொங்குவதை ஆர் பொய் என்று சொல்லப் போகிறார்கள்?

தண்ணீரில் மிதக்க ஒரு கலியாணப் படம் வேண்டும். எங்களிடம் இல்லை. நீராவிப்பிட்டி மீராசாகிபு நானாவிடம் ஒன்று இருப்பதாக எப்போதோ கேள்விப்பட்ட ஞாபகம். மார்கிறட்டின் வெள்ளைச் சேலை அவருடைய கடையில் எடுத்ததுதான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

நானா உள்ளே போய்ப் படத்தைக் கொண்டுவந்தார். இரவல் கோட்டில் நான், முக்காட்டோடு மார்கிறட், பக்கத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரிய நானா. பின்னால் அவருடைய புடவைக் கடையின் பெயர்ப்பலகை.

"தொண்ணூறில முஸ்லிம் சனம் எல்லாரையும் வடக்கை விட்டுப் போகச் சொன்ன நேரம் என்ர மனுசி பரீனா, பிள்ளையின்ர பால் போத்தலை எடுத்தா. எனக்கு என்னத்தை எடுக்கிறதெண்டு விளங்கேல்லை. சுவரில கிடந்த இதைக் கழட்டினன். புத்தளத்தில இருபது வருசம் எங்களோடதான் கிடந்தது."

"எங்கட படத்தை ஏன் நானா?"

"அதிலதானே என்ர கடை தெரியுது." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும்தான்" என்றார். "அது சரி, நீ என்னத்தை எடுத்தனீ, யோசெப்?"

நானா தந்த தேத்தண்ணி எனக்குப் புரைக்கேறியது.

கலர் ஃபோட்டோக் கொப்பி ஒன்று எடுத்துக்கொண்டு படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வரும் வழியெல்லாம் மனம் சரியில்லை. அந்த மனிதர் என் கலியாணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். நான் கப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வீட்டுக்கு வந்து நேரே குசினிக்குள் போனேன்.

"மார்கிறட், உன்னட்ட ஒரு விசயம் சொல்லோணும்."

அவள் அடுப்பை விட்டுவிட்டுத் திரும்பினாள். கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"சொல்லுங்கோ."

"அது… மாப்பசை கொஞ்சம் இருக்கே?"

வெளிச்சம் போய்விட்டது. பசைச் சட்டியை நங்கென்று வைத்தாள்.

குசினி மூலையில் இரண்டு பலகைக்கு மேல் அம்மி ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு கிழமையாக வீட்டில் சம்பல் இல்லாததற்கு அதுதான் காரணம்.

"அம்மிக்குக் கீழ என்ன?"

"சுருண்ட கடதாசி. நிமிரோணும். தொடாதேங்கோ."

தொடவில்லை. எனக்கு என் கடல் பெரிதாய் இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். சமைத்த பானையை ஒட்டியிருந்தார்கள், செபமாலையை ஒட்டியிருந்தார்கள், ஒரு அக்கா ஆட்டுக்குட்டியை ஒட்டியிருந்தா. என் முறை வந்தது. என் சாரத்தின் மிச்சப் பாதி முழுவதும் கடல். பிஸ்கற் பெட்டியில் செய்த அல்பம். அதிலிருந்து மிதந்து போகிற கலியாணப் படம். அதை எட்டிப் பிடிக்கிற என் கை.

"கழுத்தளவு தண்ணி," என்று தொடங்கினேன். "ஒரு கையில பிள்ளை. மற்றக் கையில என்ர மார்கிறட்டின்ர அல்பம்…"

சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது. கஜேந்தினி மிஸ் கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்தா. "ஐயா, நீங்கள் உங்களைக் கண்டுபிடிச்சிட்டீங்கள்!" சபை கை தட்டியது. மார்கிறட்டும் தட்டினாள். பந்தைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு அவள் எழும்பிப் போய்த் தன் படத்தை மூடியிருந்த துணியை எடுத்தாள்.

நடுவில் பால்மாப் பக்கெற் வெள்ளித்தாளில் வெட்டிய கப். ஒரு அடி உயரம், இரண்டு காது. மூடி திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து மேலே மேலே கலியாணப் படங்கள். கோவில் வாசல், மோதிரம், கேக், என் இரவல் கோட். கொப்பி இல்லை, அசல். அம்மி வைத்தும் ஓரங்கள் இன்னும் சுருண்டுதான் இருந்தன.

"மிஸ், நான் ஒண்டையும் எடுக்கேல்லை," என்றாள் மார்கிறட். "எல்லாத்தையும் சுமந்து வந்தது இவர்தான்."

சபை அவளுடைய படத்தைப் பார்த்தது. பிறகு பக்கத்தில் தொங்கிய என் கடலைப் பார்த்தது. ஆட்டுக்குட்டி அக்காதான் முதலில் சிரித்தா. அதற்குப் பிறகு ஃபாதராலும் அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்.

"எப்பிடியப்பா?"

"நீங்கள் வெளியில மூட்டை கட்டேக்க பைக்குள்ள கப்பையும் அலுமாரிக்குள்ள அல்பத்தையும் கண்டன். மட்டை பாரம். படங்களைக் கழட்டி, பொலித்தீனில சுருட்டி, கப்புக்குள்ள வைச்சு மூடினன். முகாமுக்கு வந்துதான் எடுத்தனான்."

"ஏன் கப்புக்குள்ள?"

"எதை விட்டாலும் அதை விடமாட்டியள் எண்டு தெரியும்."

"பிறகேன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தனான்."

"பதினாறு வருசமோ?"

"முதல்ல இடுப்பளவு எண்டியள். பிறகு நெஞ்சளவு. இண்டைக்குக் கழுத்தளவு. அடுத்த வருசம் சுறா வருமோ எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். "பிழைதான், மார்கிறட்" என்றேன். கப்பை எடுத்தது பிழை, பொய் சொன்னது அதைவிடப் பிழை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குள் அப்படி நடந்து எத்தனையோ வருடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் படங்களில வடிவாத்தான் இருந்தனீங்கள்," என்றாள். 'இருந்தனீங்கள்' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கப்பை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துத் துடைத்து, எல்லோரும் பார்க்க முன் மேசையில் வைத்தாள். இப்போது அதற்குள் கத்தரிக்கோல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கணக்குத்தான் ஞாபகம் வருகிறது: ஐந்து ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடாதவனுக்குத் தந்த கப்புக்குள்ளேயே, என் மனைவி முப்பத்தாறு கோல் போட்டிருக்கிறாள்.